முதல் கேசட் ரேடியோ வாங்கப் போகும் தம்பிக்கு

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அந்த ஊரின் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள்; பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அவருடைய தாத்தா விட்டுச்சென்ற தமிழ்க் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் கேட்க நல்ல ஒலி தரும் பழைய கேசட் ரேடியோ ஒன்று வேண்டுமாம். அதிலிருந்தே சேகரிப்பையும் தொடங்க நினைக்கிறார். கையில் 400 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. மூன்று பெட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் பார்த்தது: இரண்டு கேசட் போடலாம், ஸ்பீக்கர்களைக் கழற்றலாம், வண்ண விளக்குகள் ஓடுகின்றன, முகப்பில் 1000 வாட் என்று எழுதியிருக்கிறது, விலை 280 வெள்ளி. இரண்டாவது ஜப்பானியப் பழைய பொருள் கடையில் இருக்கும் அழகான பெட்டி, கீறல்கூட இல்லை, 350 வெள்ளி. மூன்றாவது பழைய இரும்புக் கடையில் தூசி படிந்து கிடக்கும் வெள்ளி நிறப் பெட்டி. ஒரே கேசட், பெரிய ஸ்பீக்கர் இரண்டு, சின்ன ஸ்பீக்கர் இரண்டு. ஆனால் இடப்பக்கம் மட்டும்தான் பாடுகிறது, 150 வெள்ளி.

மூன்றாவதை வாங்குங்கள், தம்பி. ஆனால் கடையிலேயே சில சோதனைகள் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நல்ல ஒலி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்பா ஒரு தீபாவளி போனஸில் வாங்கிய நேஷனல் கேசட் ரேடியோ இருந்தது. ஒரே ஸ்பீக்கர், ஸ்டீரியோகூட இல்லை. விடியற்காலையில் அம்மா பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) புறப்படும்போது அதை மெதுவாகப் போடுவார். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு குறைந்த சத்தத்திலும் பாடுகிறவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வேறாக, வலந்தலை வேறாகக் கேட்கும். பிற்பாடு பட்டணத்து ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தபோது நூற்றுக்கணக்கான பெட்டிகளைத் திறந்து மூடினேன். குறைந்த சத்தத்தில் முழுமையாகக் கேட்பதுதான் நல்ல பெட்டி என்ற என் கணிப்பு மாறவே இல்லை. உச்சத்துக்குத் திருகிய பிறகுதான் நன்றாக இருக்கிறது என்றால் அதை வாங்க வேண்டாம்.

1000 வாட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பெட்டியின் பின்புற மூடியைத் திறந்து பெரிய பேட்டரி எத்தனை போடலாம் என்று எண்ணுங்கள். ஒன்று 1.5 வோல்ட். ஆறு என்றால் 9 வோல்ட், எட்டு என்றால் 12, பத்து என்றால் 15. சாதாரண ஆம்ப்ளிஃபையர் ஒன்று 9 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்சத்தைக் கணக்கிடுவது எளிது. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81, நான்கை எட்டால் பெருக்கினால் 32, வகுத்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டரை வாட். 12 வோல்ட்டில் நாலரை. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை எதிரெதிராகப் பூட்டும் பிரிட்ஜ் முறை இருந்தால் ஏட்டளவில் அதன் நான்கு மடங்கு, அதாவது 18 வாட். 1000 எங்கிருந்து வந்தது? பி.எம்.பி.ஓ. என்று ஒரு கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழும் உச்சத்தை விருப்பம்போல் கணக்கிட்டு அட்டையில் அச்சடிக்கும் விற்பனை எண். எந்தப் பொது அளவுகோலும் அதற்குக் கிடையாது. அந்த எண் பெரிதாக இருந்தால் சந்தேகமும் பெரிதாகட்டும்.

இரண்டரை வாட் போதுமா என்று கேட்பீர்கள். எங்கள் லயம் முழுவதற்கும் கேட்டது. லேசான காகிதக் கூம்பு உள்ள பெரிய ஸ்பீக்கர் சிறிய சக்தியிலேயே நன்றாக அசையும். வூஃபர் எனப்படும் 16 சென்டிமீட்டர் பெரிய ஸ்பீக்கரைக் காற்று அடைபட இடமுள்ள பெட்டிக்குள் வைத்தால் ஒலிக்குக் கனம் தானாக வரும். அதே ஸ்பீக்கரை மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் டப்பாவும் சேர்ந்து பாடும். பெட்டியின் பக்கவாட்டில் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல. கணீரென்று அதிர்ந்தால் நல்லதல்ல; மந்தமாக, இறுக்கமாக ஒலிக்க வேண்டும். கையில் தூக்கியும் பாருங்கள். டிரான்ஸ்பார்மர், இரும்புச் சட்டம், ஸ்பீக்கர் காந்தம் ஆகிய மூன்றும்தான் எடைக்குக் காரணம், மூன்றும் ஒலிக்கு வேண்டியவை.

எந்தக் காலத்துப் பெட்டி என்று கேட்டால், ஏறக்குறைய 1978 முதல் 1984 வரை வந்த ஜப்பானியப் பெட்டிகள் என்று சொல்வேன். கேசட்டை 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது பிலிப்ஸ். ரேடியோவையும் கேசட்டையும் ஒரே பெட்டியில் அடைத்து 1966இல் விற்றதும் அவர்களே. ஆனால் அதை வீட்டின் முக்கிய இசைக் கருவியாக வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். அந்த ஆறேழு ஆண்டுகளில் நேஷனல், சோனி, ஷார்ப், சான்யோ, ஹிட்டாச்சி, ஜேவிசி, ஐவா, தோஷிபா எல்லாரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தார்கள். சுழற்சக்கரம் கனமாக இருந்தது, விசைகள் இரும்பில் இருந்தன, உள்ளே செலவு செய்தார்கள். 80களின் பிற்பாதியில் விலைப் போட்டி முற்றியது. இரண்டாவது கேசட், வண்ண விளக்கு, ஐந்து சறுக்குக் குமிழ்கள் என்று முகப்பில் சேரச் சேர உள்ளே உலோகம் குறைந்துகொண்டே போனது. இளவயதில் என் முதல் சம்பளச் சேமிப்பைக் கொட்டி அப்படி ஒரு இரட்டைக் கேசட் பெட்டி வாங்கினேன். நான்கு ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தது. ஓராண்டில் பிரித்துப் பார்த்தபோது சின்ன ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் வெறும் வலைதான் இருந்தது, பின்னால் ஒன்றும் இல்லை. அன்று பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: காகிதத்தைக் குழல்போல் சுருட்டி ஒரு முனையைச் சின்ன ஸ்பீக்கரின் முன்னும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். ஜால்ரா ஓசை அங்கிருந்து வர வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு. 90களின் தொடக்கத்தில் பானசோனிக் ஆர்எக்ஸ்-டிடி75 என்ற சிடி வைத்த பெட்டி வந்தது. படமெடுக்கும் பாம்புபோல் மேல்மூடி தானாக எழும். ஒலியும் மிக நல்ல ஒலி. ஆனால் அந்த மூடியின் மோட்டார், சிடி கண் என்று பழுதாகக்கூடியவை அதிகம். முதல் பெட்டியாக அது வேண்டாம்.

பெயர் பெற்ற ராட்சசப் பெட்டிகளும் வேண்டாம். ஜேவிசி ஆர்சி-எம்90, ஷார்ப் ஜிஎஃப்-777, கோனியன் சி-100எஃப் என்று மூன்று பெயர்கள் உங்கள் கண்ணில் அடிக்கடி படும். நியூயார்க் தெருக்களில் தோளில் சுமந்து திரிந்த காலத்தின் நினைவுச் சின்னங்கள் அவை. எம்90இன் ஒலியைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள், ஆனால் அவற்றின் இன்றைய விலையில் பாதிக்கு மேல் புகழுக்கான விலை. நடுத்தர அளவில் ஒற்றைக் கேசட், நான்கு உண்மையான ஸ்பீக்கர் உள்ள பெட்டி உங்களுக்குப் போதும். குறிப்பிட்ட மாடல் எண்ணைத் தேடி அலைய வேண்டாம். நாற்பது ஆண்டுகள் கடந்தபின் ஒரே மாடலில் இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரி பாடுவதில்லை. ஒன்று வரவேற்பறையில் துணி போர்த்திக் கிடந்திருக்கும், இன்னொன்று சமையற்கட்டில் புகை குடித்திருக்கும்.

இனி அந்த ஜப்பானியக் கடைப் பெட்டி. அழகுக்குக் குறையில்லை, ஆனால் அது ஜப்பான் வீடுகளுக்காகச் செய்யப்பட்டதாக இருந்தால் உங்களுக்கு இரண்டு சிக்கல். அங்கே எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. நம் நாட்டில் 87.5 முதல் 108 வரை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் வானொலிகளான மின்னல் 92.3இலும் ராகா 99.3இலும் வருகின்றன, அந்தப் பெட்டியின் முள் அங்கே போகவே போகாது. அலைவரிசைப் பலகையில் எண் 90இல் முடிகிறதா, 108இல் முடிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது மின்சாரம். அங்கே 100 வோல்ட், இங்கே 230, 240. நேராகச் சொருகினால் சில நிமிடங்களில் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். என் மேசைக்கு வந்த கருகிய பெட்டிகளில் பல இப்படி வந்தவைதான். மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி டிரான்ஸ்பார்மர் வாங்கலாம், அதற்கும் செலவு. நம் பக்கத்துக்கு அனுப்பப்பட்ட பெட்டிகள் பலவற்றில் பின்புறமோ அடியிலோ 110, 220 என்று மாற்றும் சிறு விசை இருக்கும். மூன்றாவது பெட்டியில் அது இருந்தால் 220 பக்கம் நிற்கிறதா என்று மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது மூன்று கேசட் எடுத்துச் செல்லுங்கள். முதலாவது போனாலும் வருத்தமில்லாத கேசட். பழைய பெட்டி நாடாவைத் தின்னக்கூடும், தாத்தாவின் கேசட்டை அதற்கு இரையாக்கக் கூடாது. இரண்டாவது பதிவு செய்யக்கூடிய வெற்றுக் கேசட். மூன்றாவது உங்களுக்கு மனப்பாடமான பாட்டு உள்ள கேசட். அதன் முதுகில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; உடைத்திருந்தால் பதிவு விசை இறங்காது, தவறுதலாகப் பாட்டு அழியாது. வீட்டிலுள்ள மற்ற கேசட்டுகளிலும் அதை உடைத்துவிடுவது நல்லது. வெள்ளைப் பூஞ்சை படிந்த கேசட்டை மட்டும் எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் அது சாதாரணமாக வரும், நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பொடி கொஞ்சம் இருந்தால் பயமில்லை. ஆல்கலைன் பேட்டரிக் கசிவு அது, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும். பச்சை பிடித்துக் கம்பிச்சுருளே அரித்துப்போயிருந்தால், கசிவு உள்ளே பலகைவரை போயிருக்கலாம். அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து மின்சாரம் கொடுத்து, கேசட் இல்லாமல், வால்யூமை அடியில் வைத்துக் காதருகே கேளுங்கள். உம் என்ற இரைச்சல் பலமாக இருந்தால் பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரியில் நின்றுவிட்டால் மின்வடிகட்டிக் கெப்பாசிட்டர் கெட்டிருக்கிறது. அது சில வெள்ளிச் சாமான். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வந்தால் அது தூசி, தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பானில் சரியாகிவிடும்.

பெட்டியில் அதிகம் பழுதாகும் இடம் கேசட் பகுதி. மோட்டார் சுற்றும் ஓசை கேட்கிறது, ஆனால் நாடா நகரவில்லை என்றால் ரப்பர் பெல்ட் போய்விட்டது. பழைய பெல்ட்டுகள் சில காலப்போக்கில் தார்போல் உருகிக் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகத் துடைத்துப் புதியது மாட்ட வேண்டும். பெல்ட்டுக்காக ஒரு நல்ல பெட்டியை விட்டுவிடாதீர்கள், அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஓடுகிறது என்றால் நாதஸ்வரமோ வீணையோ ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். சுரம் அலைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது நாடாவை அழுத்தும் ரப்பர் உருளை கட்டிதட்டிப் போயிருக்கிறது. சுரம் அலையாமல் பாட்டு முழுவதுமே வேகமாகவோ மெதுவாகவோ இருந்தால் மோட்டார் வேகம் மட்டும் மாறியிருக்கிறது. பல மோட்டார்களின் முதுகில் ஒரு சிறு துளை இருக்கும், உள்ளே இருக்கும் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். எதற்கும் ஹெட்டின் முகத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நாடா உரசிய பள்ளத்தில் நகம் தட்டினால் ஹெட் தேய்ந்துவிட்டது. அதற்கு மருந்து மாற்று ஹெட் ஒன்றுதான், அதைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

பாட்டு மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். ஹெட் அழுக்காக இருக்கலாம். அதைவிடவும் அதிகம் நான் பார்த்தது, ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்திருப்பது. ஹெட்டின் இரு பக்கமும் திருகுகள் இருக்கும், அவற்றில் சுருள்வில் வைத்த திருகுதான் கோணத்தை மாற்றுவது. பாட்டை ஓடவிட்டு அதைக் கால் சுற்று அளவுக்குள் மிக மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினால் ஓரிடத்தில் ஜால்ரா சட்டென்று பளிச்சிடும். அங்கே நிறுத்துங்கள். பட்டணத்தில் நான் செய்த வேலைகளில் மக்கள் முகம் அதிகம் மலர்ந்தது இந்த ஒரு திருகுக்குத்தான். பெட்டியே புதிதாகிவிட்டது என்பார்கள். மற்றத் திருகைத் தொட வேண்டாம். உங்கள் கேசட் ஒவ்வொன்றும் வெவ்வேறு கருவியில் பதிவானது என்பதால் கோணம் கொஞ்சம் வேறுபடும். தாத்தா அதிகம் கேட்ட கேசட்டுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியைக் கேட்கும்போது பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வையுங்கள். லௌட்னஸ், வைட் என்று விசைகள் இருந்தால் அணைத்துவிடுங்கள்; அவை குறையை மறைக்கும். ஆறடி தள்ளி நில்லுங்கள். ஆண் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் பெட்டி அதிர்கிறது. பெண் குரலில் ச, ஷ ஓசைகள் சீறினால் சின்ன ஸ்பீக்கர் மட்டமானது. இரைச்சலைக் குறைக்கும் டால்பி, உயர்ரக மெட்டல் நாடாவுக்கான விசை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் வீடுகளில் கிடக்கும் தமிழ்க் கேசட்டுகளில் பெரும்பாலானவை சாதாரண ஃபெர்ரிக் நாடாதான்.

ஆனால் பின்புறம் லைன் இன் என்று துளைகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் கைப்பேசியிலுள்ள பாட்டையும் கம்பி வழியாக அந்த ஆம்ப்ளிஃபையரில், அந்தக் காகிதக் கூம்பில் கேட்கலாம். கேசட் பகுதி பழுதாகி மேசையில் கிடக்கும் மாதங்களிலும் பெட்டி பாடிக்கொண்டிருக்கும். மைக் துளையில் கைப்பேசியைச் சொருகாதீர்கள், அது மிக நுண்ணிய ஒலிக்கானது, பாட்டு கிழிந்து கேட்கும்.

வாங்கி வந்தபின் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். செம்பனைக் காட்டு ஈரம் உங்களுக்குத் தெரியாததல்ல. பல்லி முட்டை, எறும்புக் கூடு இரண்டையும் பெட்டிகளுக்குள்ளிருந்து நான் அள்ளியிருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடும் அசைவும் பெட்டிக்கு நல்லது. நீண்ட நாள் ஓட்டப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது அந்த மூன்றாவது பெட்டி. ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது என்றதும் பலர் ஆம்ப்ளிஃபையர் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதற்குத்தான் அந்த வெற்றுக் கேசட். பதிவுக்கும் பாடுவதற்கும் மாற்றிவிடும் நீளமான விசை ஒன்று பலகையில் இருக்கிறது, அதன் தொடுமுனைகளில் களிம்பு ஏறினால் முதலில் போவது ஒரு பக்க ஒலிதான். வெற்றுக் கேசட்டைப் போட்டுப் பதிவு விசையை அழுத்தி நிறுத்துங்கள், அழுத்தி நிறுத்துங்கள், இருபது முறை. பிறகு ரேடியோ, கேசட் மாற்றும் விசையையும் பேலன்ஸ் குமிழையும் அதேபோல் அசைத்துவிடுங்கள். அதன்பின் உங்கள் பாட்டைப் போடுங்கள். வலப்பக்கம் ஒரு நொடி கரகரத்துவிட்டு எழுந்தால், 150 வெள்ளியைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மிச்சமுள்ள பணத்தில் ஒரு பெல்ட், ஒரு புட்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு தொடுமுனைத் தெளிப்பான், கொஞ்சம் பஞ்சுக்குச்சி. எழவில்லை என்றால் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வலப்பக்கம் ஊமையாக இருந்து, இயர்போன் துளையில் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டால், ஆம்ப்ளிஃபையர் உயிரோடு இருக்கிறது. ஸ்பீக்கர் கம்பியோ அந்தத் துளையின் தொடுமுனையோதான் விட்டிருக்கும். அப்போது 100 வெள்ளிக்குக் கேளுங்கள். இயர்போனிலும் ஊமை என்றால் 50க்கு மேல் போகாதீர்கள்.